ஊருக்கெல்லாம் பெட்டி கட்டிய ராக்கப்பன்

ராக்கப்பனுக்கு வெள்ளிக்கிழமை என்றாலே எரிச்சல். ஆறு நாள் வெயிலில் பலகை அடித்துவிட்டு, ஏழாவது நாள் மனிதன் எட்டு மணி வரையாவது தூங்க வேண்டாமா? ஆறரைக்கே கதவைத் தட்டுவார்கள். திறந்தால் வாசலில் ஒரு அட்டைப்பெட்டி இருக்கும். அதன் பின்னால் ஒருத்தன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பான். “வர்ற செவ்வாக்கெழம பிளைட்டுண்ணே” என்பான். அதற்கு மேல் அவன் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. துபாய் அல் கூஸில் இருந்த அந்தத் தொழிலாளர் கேம்பில் தமிழ் ஆட்கள் நூற்றுச் சொச்சம் பேர் இருந்தார்கள். லீவில் ஊருக்குப் போகிறவன் எவனும் ராக்கப்பன் கை படாத பெட்டியோடு விமானம் ஏறியதில்லை. இந்தக் கூத்து 2006-ஆம் வருஷத்தோடு பத்து வருஷத்தைத் தொட்டிருந்தது.

அவர் சிவகங்கைப் பக்கத்துக்காரர். ஷட்டரிங் கார்பென்டர், அதாவது கான்கிரீட் ஊற்றுவதற்குப் பலகையும் முட்டும் கொடுக்கிற தச்சர். 1993-இல் கல்யாணமான மூன்றாவது மாதம் துபாய்க்கு வந்தவர். குடி இல்லை, சீட்டு இல்லை, சாமியாடிகளிடம் போய் நிற்கிற வழக்கமும் இல்லை. எதற்கெடுத்தாலும் காரணம் கேட்பார். போர்மேன் இந்த இடத்தில் ஒரு முட்டுக் கொடு என்றால், “அங்க எதுக்கு, இங்கதான பாரம் இறங்குது” என்பார். சொல்வது சரியாகவும் இருந்து தொலைக்கும். அதனாலேயே எந்தப் போர்மேனுக்கும் அவரைக் கண்டால் ஆகாது. அப்படிப்பட்ட ஆளைப் பிடித்துத்தான் ‘கைராசிக்காரர்’ என்று பட்டம் கட்டி உட்கார வைத்திருந்தார்கள். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது.

ஆரம்பம் என்னவோ சாதாரண விஷயம்தான். கூட இருந்த கல்யாணசுந்தரம் லீவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ராக்கப்பனைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கல்யாணமாகி ஒன்பது வருஷம், பிள்ளை இல்லை. அவர் சுற்றிய கயிறு பெட்டியை விட்டு வழுக்கிக்கொண்டே இருந்தது. பார்க்கச் சகிக்காமல் ராக்கப்பன் கயிற்றை வாங்கி, சாரம் கட்டுகிற முடிச்சாக நாலு போட்டு இறுக்கிக் கொடுத்தார். அவர் செய்த பாவம் அவ்வளவுதான். கல்யாணசுந்தரம் திரும்பி வந்த எட்டாம் மாதம் ஊரில் அவருக்கு ஆண் குழந்தை பிறந்தது. மனிதர் அறுபது நாள் பெண்டாட்டியோடு இருந்துவிட்டு வந்ததை யாரும் பேசவில்லை. “ராக்கப்பன் கட்டுன பெட்டிப்பா” என்றார் கல்யாணசுந்தரம். கேம்ப் முழுக்க அதையே சொன்னது. குழந்தைக்குப் பேரே ராக்கு என்று வைத்துவிட்டார்கள்.

அடுத்ததாக ஒருத்தன் போனான். அன்றைக்கு விமான நிலையத்தில் கூட்டம் அதிகம். பாதிப் பேரின் பெட்டியைத் திறந்து பார்க்காமலே அனுப்பிவிட்டார்கள். அவனும் அந்தப் பாதியில் இருந்தான். அதுவும் ராக்கப்பன் கணக்கில் ஏறியது. மூன்றாவதாகப் போனவன் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டு வந்தானே, அது யார் கணக்கு? கேட்டால், “பெட்டி இல்லாட்டி உசுரே போயிருக்கும்ணே” என்கிறான். காலை உடைத்துக்கொண்டவனே இப்படிச் சொன்னால் வேறு யாரிடம் போய் வாதம் செய்வது?

இதிலே சாஸ்திரங்கள் வேறு முளைத்துவிட்டன. நீலக் கயிற்றில்தான் கட்ட வேண்டும். ஏன்? முதல் பெட்டி நீலக் கயிறு. அன்று மஞ்சள் கயிறு தீர்ந்திருந்தது, அதனால் நீலம். ஒருமுறை பெட்டி பிதுங்கிக்கொண்டு மூடவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு தடியனை, “ஏறி உக்காருடா” என்றார் ராக்கப்பன். அவனுக்கு இரண்டு பையன்கள். அன்றிலிருந்து ஆண்பிள்ளை பெற்றவன் ஒருத்தன் ஏறி உட்காராமல் பெட்டி கட்டக் கூடாது. இன்னொரு நாள் இரண்டு முடிச்சுப் போட்டதும் தாகமெடுத்துத் தண்ணீர் குடித்தார். இப்போது இரண்டாவது முடிச்சு விழுந்ததும் முகத்துக்கு நேரே டம்ளரை நீட்டுகிறார்கள். தாகமில்லை என்றால் விடமாட்டார்கள். “எவன்டா இதையெல்லாம் சொன்னது?” என்று ஒருநாள் கத்தினார். “நீங்கதாண்ணே அப்படிச் செய்வீங்க” என்று பயபக்தியோடு பதில் வந்தது. ராக்கப்பன் தலையில் அடித்துக்கொண்டார். நல்லவேளை, அது சாஸ்திரத்தில் சேரவில்லை.

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். சிரிக்க முடியாதபடி ஊரில் சரசு இருந்தாள்.

சரசு அவருடைய மனைவி. கல்யாணமாகிப் பதின்மூன்று வருஷத்தில் அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ராக்கப்பன் கட்டிய பெட்டிகளால் பிறந்ததாகச் சொல்லப்பட்ட பிள்ளைகள் சுற்று வட்டாரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் ஓடியாடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளைப் பெற்ற பெண்டுகள் கடைத்தெருவில் சரசுவைப் பார்த்தால், “ஒங்க வீட்டுக்காரரு கைராசிதாங்க்கா” என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். அதே பெண்டுகளின் வீட்டு வளைகாப்புக்கு அவளை அழைக்க மாட்டார்கள். பிள்ளை பெறாதவள் வளையல் போடக் கூடாதாம். புருஷன் கை ராசி, பெண்டாட்டி கை ராசியில்லை. இது என்ன நியாயம் என்று போனில் கேட்டு ராக்கப்பன் பல்லைக் கடிப்பார். சரசு, “விடுங்க, அவுக வழக்கம் அப்பிடி” என்பாள். அவள் விடச்சொல்லும்போதுதான் அவருக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

காரணம் என்னவென்று அவருக்கு நன்றாகத் தெரியும். கம்பெனி சட்டப்படி இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவு. முதல் தடவைக்குப் பிறகு அவருக்கு மட்டும் அது ஒருநாளும் நேரத்துக்குக் கிடைத்ததில்லை. “இப்ப ஆளு கம்மி, அப்புறம் பாப்போம்” என்று தள்ளித் தள்ளி மூன்று வருஷத்துக்கு ஒருமுறைதான் போவார். பதின்மூன்று வருஷத்தில் நான்கு லீவு. கல்யாணமான புதிதில் இருந்ததையும் சேர்த்து ஒரு வருஷம்கூடச் சேர்ந்து வாழாதவர்களுக்குப் பிள்ளை இல்லை என்றால் அதற்கு ராசி என்ன செய்யும்?

மதுரையில் ஒரு பெண் டாக்டரிடம் சரசு தனியாகப் போய் வந்தாள். டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, “உனக்கு முப்பத்தேழு ஆயிடுச்சும்மா. இனிமே ஒவ்வொரு மாசமும் முக்கியம். உன் வீட்டுக்காரரை வரச்சொல்லு. ஜூன்ல ஆரம்பிச்சா மூணு மாசம் ரெண்டு பேரும் கூடவே இருந்து வைத்தியம் பாக்கணும். அடுத்த வருஷம்னு வந்தா என்னால உறுதி சொல்ல முடியாது” என்றாராம். சரசு இதைப் போனில் ஒப்பித்துவிட்டு, “இந்தத் தடவ மட்டும் தள்ளிராதீங்க” என்றாள். பதின்மூன்று வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

ஏப்ரலிலேயே ராக்கப்பன் லீவுக்கு எழுதிக் கொடுத்தார். ஒரு வாரம் கழித்து கேம்ப் பாஸ் விஜயபாஸ்கர் ஆபீஸுக்குக் கூப்பிட்டான். கேம்பின் லீவுப் பட்டியலெல்லாம் அவன் கையில்தான். ராக்கப்பனைவிட இளையவன், தன்மையாகப் பேசுகிறவன்.

“ஆகஸ்ட் கடைசியில போங்கண்ணே. மூணு மாசம் என்ன, நாலு மாசமே வாங்கித் தர்றேன்.”

“ஆகஸ்ட் ஆகாது சார். டாக்டர் ஜூன்னு சொல்லியிருக்காங்க.”

“ஆளு கம்மிண்ணே.”

“ஜூன், ஜூலையில முப்பத்தோரு பேருக்குக் குடுத்திருக்கீங்க. முப்பத்திரண்டாவது ஆளு போனா மட்டும் எப்படி சார் கம்மியாகும்?”

விஜயபாஸ்கருக்கு ஓடிப்போக வழியில்லை. கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினான். பிறகு மேஜை அறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து அவர் பக்கம் தள்ளினான். தமிழில் எழுதியிருந்தது. ‘எங்கள் அன்பு அண்ணன் ராக்கப்பன் அவர்களுக்கு ஜூன், ஜூலை மாதங்களில் விடுமுறை வழங்க வேண்டாம் எனத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். நாங்கள் நல்லபடியாக ஊர் போய்ச் சேர அவர் இங்கே இருப்பது அவசியம்.’ கீழே முப்பத்தோரு கையெழுத்து. முதல் கையெழுத்து கல்யாணசுந்தரம்.

ராக்கப்பன் இரண்டு தடவை படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“இது இந்த வருசம் மட்டுமா?”

“நான் இங்க வந்து ஆறு வருசம்ணே. உங்களுக்கு லீவு நெருங்குற நேரம் பாத்து ஒண்ணு வந்துரும். எனக்கு முன்னாடி இருந்தவரும் ரெண்டு மூணு பைல்ல வச்சுட்டுப் போயிருக்காரு.” பிறகு குரலைத் தாழ்த்தி, “தப்பா நினைக்காதீங்க. எனக்கும் ஜூலையில லீவு” என்றான்.

அங்கேயே அவருக்கு அழுகை வந்தது. ஆத்திரத்தில் வருகிற அழுகை. எத்தனை வருஷமாகக் கம்பெனியைத் திட்டியிருக்கிறார். அரபியைத் திட்டியிருக்கிறார். கடைசியில் பார்த்தால் பக்கத்துக் கட்டிலில் படுத்துக் குறட்டை விடுகிறவன், ஊரிலிருந்து வரும்போதெல்லாம் அவருக்கென்று தனியாக அதிரசம் கொண்டுவந்து கொடுக்கிறவன், அவன் செய்த வேலை இது. தன் கையால் இவனுக்குப் பிள்ளை பிறந்தது என்று நம்பியே இவன் தனக்குப் பிள்ளையில்லாமல் செய்துவிட்டானே என்று ராக்கப்பனுக்கு நெஞ்சு எரிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை கதவு தட்டப்பட்டபோது அவர் எழுந்திருக்கவில்லை. வந்தவன் அருள்முருகன். ஆறு மாதத்துக்கு முன் போனிலேயே பெண் பார்த்து நிச்சயமானவன். கல்யாணத்துக்காக முன்கூட்டியே லீவு வாங்கியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை விமானம், அடுத்த வியாழன் தாலி கட்டு.

“நான் கட்டல” என்றார் ராக்கப்பன், போர்வைக்குள்ளிருந்தே.

விளையாட்டு என்று நினைத்து அருள்முருகன் சிரித்தான். அரைமணி நேரத்தில் வராந்தாவில் கூட்டம் கூடிவிட்டது. ராக்கப்பன் எழுந்து வந்து, சட்டைப் பையிலிருந்த அந்தத் தாளை எடுத்துக் கல்யாணசுந்தரத்தின் முன்னால் பிடித்தார்.

“இது யாருண்ணே எழுதுனது?”

கல்யாணசுந்தரம் மழுப்பவில்லை. “நாந்தான் எழுதுனேன். ஒன்ன யாரும் போகாதேன்னு சொல்லலியேப்பா. எல்லாரும் போனப்பறம் போன்னுதான சொன்னோம்.”

“என் பொண்டாட்டிக்கு வயசு நிக்குமாண்ணே, நீங்க எல்லாரும் போய்ட்டு வர்ற வரைக்கும்?”

ராக்கப்பன் கயிற்றை எடுத்தார். “எல்லாரும் பாருங்க. இப்படிச் சுத்தணும். இங்க மடக்கி இப்படி இழுக்கணும். சாரம் கட்டுற முடிச்சு. ஒங்கள்ல பாதிப் பேருக்குத் தூக்கத்துல கூடப் போட வரும். இதுல ராசி எங்கடா இருக்கு? அருளு, இந்தா, நீயே கட்டு.” அருள்முருகன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். கயிறு நீட்டிய பக்கமெல்லாம் ஆட்கள் ஒதுங்கினார்கள். பாம்பை நீட்டியிருந்தால்கூட இவ்வளவு ஒதுங்கியிருக்க மாட்டார்கள்.

“பெட்டி கட்டாட்டி நான் போகல” என்றான் அருள்முருகன்.

“கல்யாணம்டா ஒனக்கு.”

“அதுக்குத்தாண்ணே சொல்றேன்.”

ராக்கப்பனுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கல்யாணசுந்தரம் பக்கத்தில் வந்து மெதுவாகப் பேசினார். “ராக்கப்பா, நீ சொல்றதெல்லாம் சரின்னே வச்சுக்க. கையில ஒண்ணும் இல்ல, எல்லாம் தானா நடந்ததுன்னே வச்சுக்க. நான் ஒன்னும் முட்டாளில்ல, எனக்கும் அது தோணாம இல்ல. ஆனா இவன் கட்டாமப் போறான், போன எடத்துல ஏதாச்சும் ஒண்ணு ஆயிருச்சு. அந்தப் பழிய நீ ஏத்துக்குவியா? நான் ஏத்துக்க முடியுமா? கட்டிட்டாப் போச்சு. நாலு முடிச்சு. அதுக்கு எதுக்கு இவ்வளவு வம்பு?”

இத்தனை வருஷத்தில் அவர் கேட்ட ஒரே காரணம் அதுதான். காரணமே இல்லாமல் நம்புகிறார்கள் என்று திட்டிக்கொண்டிருந்தவருக்கு, இப்படி ஒரு காரணம் இருக்கும் என்று தோன்றியதில்லை. அதனாலேயே இன்னும் கோபம் வந்தது. “ஜூன் பத்தாந் தேதி நான் ஊருல இருக்கணும். அதுக்கு வழி பண்ணிட்டு வாங்க. அதுவரைக்கும் கயிறத் தொட மாட்டேன்” என்று உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

மத்தியானத்துக்குள் வழி பிறந்துவிட்டது. பத்து வருஷமாகப் பிறக்காத வழி. முப்பத்தோரு பேரும் போய் விஜயபாஸ்கரிடம் புது மனு கொடுத்தார்கள். அண்ணனுக்கு ஜூனிலேயே லீவு கொடுக்க வேண்டுமாம். ஒரே ஒரு வேண்டுகோள், போவதற்கு முன்னால் எல்லாப் பெட்டியையும் கட்டிவிட வேண்டுமாம்.

“ஜூலை கடைசியில போறவன் மே மாசத்துல சாமான் வாங்கியிருப்பானா?” என்று கேட்டார் ராக்கப்பன்.

“வெறும் பெட்டியக் கட்டிக் குடுங்கண்ணே. நாங்க பின்னாடி பக்கவாட்டுல கிழிச்சு சாமான வச்சு டேப் ஒட்டிக்கிறோம்.”

எத்தனை யோசித்திருக்கிறார்கள் பாருங்கள். இந்த மூளையில் கால்வாசியை சைட்டில் காட்டியிருந்தால் எல்லாரும் போர்மேன் ஆகியிருப்பார்கள். அன்று சாயங்காலமே அருள்முருகனின் பெட்டியையும், மே மாதத்து வெள்ளிக்கிழமைகள் எல்லாம் காலிப் பெட்டிகளையும் ராக்கப்பன் கட்டினார். காலிப் பெட்டியின் மேலும் ஆண்பிள்ளை பெற்றவன் ஒருத்தன் ஏறி உட்கார்ந்தான். பெட்டி சப்பையானது. அதை நிமிர்த்திவிட்டு மறுபடி கட்டினார். விஜயபாஸ்கரின் பெட்டியும் டிரைவர் கையில் கொடுத்தனுப்பப்பட்டு வந்தது, அதையும் கட்டினார். லீவு பேப்பரும் டிக்கெட்டும் கைக்கு வந்துவிட்டன. இனி எவன் எதை நம்பினால் எனக்கென்ன, நான் சரசுவிடம் போய்ச் சேர்ந்தால் போதும் என்று இருந்தது அவருக்கு.

ஜூன் ஒன்பது, வெள்ளிக்கிழமை. மறுநாள் விடிகாலை விமானம். காலையிலேயே தன் பெட்டியை அவரே கட்டிச் சுவரோரம் வைத்தார். சரசுவுக்கு இரண்டு சேலை, ஒரு மிக்ஸி, டாக்டர் அம்மாவுக்கு ஒரு டப்பா பேரீச்சம்பழம். பிறகு வராந்தாவில் நின்று ஊருக்குப் போன் போட்டார்.

“டிக்கெட்டு கையில இருக்கு. நாளைக்குக் கெளம்புறேன்” என்றார்.

மறுமுனையில் சரசு அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று தெரிந்ததால் அவர் அழட்டும் என்று விட்டார். மூக்கைச் சிந்திக்கொண்டு, “பெட்டி கட்டியாச்சா?” என்று கேட்டாள்.

“ஆச்சு.”

“யாரு கட்டுனது?”

“யாரு கட்டுவா? நாந்தான்.”

“ஏங்க, அத அவுத்துருங்க” என்றாள். “இதுவரைக்கும் நாலு தடவயும் நீங்களேதான் கட்டிட்டு வந்தீக. ஒண்ணும் தங்கல. ஒங்க கை மத்தவுகளுக்குத்தான் ராசி. நமக்கு வேற ஒரு கை வேணும். பிள்ளகுட்டி உள்ளவுகளாப் பாத்துக் கட்டச் சொல்லுங்க.”

“சரசு, நீயுமா இதச் சொல்ற? இவனுங்களோட மல்லுக்கட்டியே என் பாதி ஆயுசு போச்சு. டாக்டர் என்ன சொன்னாங்க, ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருங்கன்னாங்களா, பெட்டிய மாத்திக் கட்டுன்னாங்களா?”

“டாக்டர் சொன்னதையும் செய்வோம். இதையும் செய்வோம். எனக்குத் தெரியாதா, கயித்துல என்ன இருக்கப்போகுது. ஆனா இந்தத் தடவையும் இல்லேன்னு ஆயிருச்சுன்னா, அன்னைக்கு அத அவுத்துக் கட்டாம வந்தோமேன்னு நான் சாகுற வரைக்கும் நெனப்பேன். அத எனக்குக் குடுக்காதீங்க.”

போனை வைத்துவிட்டு ராக்கப்பன் அறைக்குள் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். பெட்டியைப் பார்த்தார். நல்ல கட்டு. கிரேனில் தூக்கினாலும் அவிழாது. சரசுவைத் திட்ட வேண்டும் போல இருந்தது, கல்யாணசுந்தரத்தை ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது. அப்படியே எடுத்துக்கொண்டு போய், வேறொருத்தன் கட்டியது என்று ஒரு பொய் சொன்னால் அவளுக்குத் தெரியவா போகிறது? தெரியாது. ஆனால் தனக்குத் தெரியுமே. மூன்று மாதம் கழித்து டாக்டர் உதட்டைப் பிதுக்கினால், அன்றைக்குத் தன் நினைப்பு எங்கே போகும்? இந்தக் கேள்வி வந்ததும் அவருக்குத் தன் மேலேயே அசிங்கமாக இருந்தது. பிறகு எழுந்து கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தார்.

கல்யாணசுந்தரத்திடம்தான் முதலில் போனார். “ஒன் பெட்டிய நான் கட்டுறதா? கைராசிக்காரன் பெட்டியக் கட்டி எனக்கு ஏதாச்சும் ஆயிட்டா? ஆள விடுப்பா” என்று அவர் பாத்ரூம் பக்கம் போய்விட்டார். அடுத்த அறையில் மூன்று பிள்ளைக்காரன் ஒருத்தன் தனக்குக் கை வலி என்றான். அதற்கடுத்த அறையில் கதவையே திறக்கவில்லை. பத்து வருஷமாக விடிந்ததும் விடியாததுமாக அவர் கதவைத் தட்டியவர்கள் அத்தனை பேரும், அவர் பெட்டியும் கயிறுமாக வருவதைப் பார்த்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். திட்டக்கூட அவருக்கு வாயில்லை. என்னவென்று திட்டுவது?

பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். ஜும்மா தொழுகை முடிந்து வந்த பஸ் டிரைவர் அகமது கபீர், கம்பெனி பஸ்ஸுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். தொண்டிக்காரர், வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. கேம்பின் சாஸ்திரம் எதுவும் தெரியாது. ஊரில் ஐந்து பிள்ளைகள்.

“பாய், ஒரு பெட்டி கட்டணும்.”

“அதுக்கென்ன, கட்டிருவோம்.” கபீர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கயிற்றை வாங்கி, பெட்டியைச் சுற்றிவந்து பார்த்தார். “யாருக்கு?”

“எனக்குத்தான்.”

கபீர் நிமிர்ந்து அவரைப் பார்த்துச் சிரித்தார். “என்னண்ணே இது, போன மாசமெல்லாம் ஊருக்கே நீங்கதான கட்டுனீங்க. எனக்குச் சரியா முடிச்சுப் போடக்கூட வராது. ஒங்க பெட்டிய நான் எதுக்குக் கட்டணும்?”

ராக்கப்பன் பெட்டியின் மூடியை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு தரையில் குந்தினார்.

“கேள்வி கேக்காமக் கட்டுங்க பாய்” என்றார்.